மைதானத்தில் போகாத விரல்

"அக்கா, அன்னிக்கு நான் கிரவுண்டு பக்கமே போவல. மிஷின்லதான் போச்சு."

நேற்று சாயங்காலம் எளாவூரில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பூமிகா சொன்னது இது. அதைக் கேட்டுவிட்டு வந்த பிரின்சிக்கு ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை.

இந்தக் கதைக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. பூமிகாவுக்குப் பத்தொன்பது வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், காருக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. அதே கம்பெனியின் பெண்கள் கபடி அணிக்கு கேப்டன். அவளுடைய வலது கையில் இப்போது இரண்டு விரல் இல்லை. கபடிப் பயிற்சியில் அடிபட்டது என்று பத்து நாளைக்கு முன்னால் டிவியில் சொன்னவள், விளையாட்டுச் செய்தியாளரான நம்ம பிரின்சி. அவளுக்கு அப்படிச் சொன்னவன், அந்தக் கம்பெனியில் சூப்பர்வைசராகவும் அணிக்குக் கோச்சாகவும் இருக்கிற அவளுடைய சொந்த அண்ணன் எட்வர்ட்.

கோபம் வருகிறதா? வரட்டும்.

ஆரம்பாக்கத்து வீட்டில் காலை ஏழு மணிக்கு அந்தச் செய்தி மறுபடியும் ஓடியது. ஓட்டியவர் அப்பா சாலமோன். ஒரு டம்ளர் சர்க்கரை கேட்டு வந்த பக்கத்து வீட்டு கிரேஸ், பாவம், வாசலிலேயே மாட்டிக்கொண்டாள்.

"பாத்தியா கிரேஸு, நம்ம பொண்ணு. இன்னா கணீர்னு பேசுது பாரு."

போனுக்குள் பிரின்சி பேசினாள். "இறுதிப் போட்டிக்கான பயிற்சியின்போது கேப்டன் பூமிகாவுக்கு விரல்களில் பலத்த காயம்..."

சாலமோன் அடுத்தவர் நெல்வயலில் கூலிக்கு நின்று வளர்ந்தவர். பிறகு முப்பது வருஷம் இரும்பு லோடு ஏற்றியவர். தன் வீட்டுப் பெண் டிவியில் வருகிறது என்பதை அவரால் இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை. அந்த நாற்பது விநாடியை சர்ச்சில் பாஸ்டரில் ஆரம்பித்து ஸ்டேஷனில் டீக்கடைக்காரர் வரை ஒருத்தர் விடாமல் காட்டிவிட்டார்.

"நைனா, அத்த அழிச்சுடு," என்றாள் பிரின்சி.

"ஏம்மா?"

"அது பொய்யி. அழிச்சுடு."

கிரேஸ் சர்க்கரையை மறந்துவிட்டுப் போய்விட்டாள். உள்ளே எட்வர்ட் இட்லி தின்றுகொண்டிருந்தான். தங்கச்சியின் குரல் காதில் விழுந்தும் தட்டிலிருந்து நிமிரவில்லை. அவன் மனைவி ஷைனி சட்னிக் கிண்ணத்தோடு அடுப்படி வாசலிலேயே நின்றாள்.

"அண்ணா, பூமிகாவ பாத்துட்டு வந்தேன்."

"தெரியும். அவங்கப்பன் போன் பண்ணான்."

"அவளுக்கு அடிபட்டது புதன்கிழமை. உங்க டீமுக்கு செவ்வா, வியாழன்தான ப்ராக்டீஸு?"

"அன்னிக்கு எக்ஸ்ட்ரா வெச்சோம்."

"யார் யார் வந்தாங்க?"

எட்வர்ட் இன்னொரு இட்லியைப் பிட்டான்.

"ஒருத்தரும் வரல. டீம்ல இருக்கற பத்து பேரையும் கேட்டுட்டேன். அவ ஒருத்தியே தனியா நின்னு கபடி ஆடுனாளா?"

"காலங்காத்தால பேஜாரு பண்ணாத பிரின்சி. நாஷ்டா துண்ண வுடு."

பிரின்சிக்கு அண்ணன் மேல் எவ்வளவு கோபமோ, அதில் ஒரு துளி குறையாமல் தன் மேலும் கோபம். பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் கபடி ஆடியவள் அவள். கபடியில் விரல் பிசகும். உடையும். வீங்கிப்போய் ஒரு மாசம் சோறு பிசைய விடாது. ஆனால் துண்டாகுமா? அண்ணன் போனில் "விரல் போச்சு" என்று சொன்னபோது, அவள் அதை "விரல்களில் பலத்த காயம்" என்று அழகாக எழுதினாள். ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

ஏன் போடவில்லை? அவசரம். ஒன்பது வருஷத்து அவசரம். விளையாட்டுச் செய்தியாளராக வேலைக்குச் சேர்ந்தவளை முதல் வருஷம் முழுக்க மழை நிலவரம் படிக்க வைத்தார்கள். கிரிக்கெட் மைதானத்துக்குப் போனால், "மேடம், சமையல் புரோகிராமா?" என்று கேட்டார்கள். அவள் எழுதிக் கொடுத்ததை அவளுக்குப் பின்னால் சேர்ந்தவன் கோட்டு போட்டுக்கொண்டு படித்தான். கம்பெனிப் பெண்கள் ஆடுகிற கபடியை டிவியில் காட்டுங்கள் என்று நாலு வருஷமாக ஒவ்வொரு மீட்டிங்கிலும் மல்லுக்கட்டி, கடைசியில் நாற்பது விநாடி வாங்கினாள். அந்த நாற்பது விநாடியைத்தான் இப்படி நாசமாக்கி வைத்திருக்கிறாள்.

"கம்பெனி அவங்கப்பாகிட்ட ஒரு பேப்பர நீட்டியிருக்கு," என்றாள் பிரின்சி. "வேல முடிஞ்சப்புறம் அவளா ஆடப் போயி அடிபட்டுக்கினா, கம்பெனிக்கு சம்பந்தம் இல்லன்னு எழுதி. அவரு மாட்டேன்னதுக்கு இன்னா காட்டுனாங்க தெரியுமா? என்னிய. என் மூஞ்சிய. 'உன் பொண்ணு கபடிலதான் அடிபட்டான்னு டிவியே சொல்லுது, நீ இல்லன்றியா?'ன்னு கேட்டிருக்காங்க."

எட்வர்ட் தட்டைத் தள்ளினான்.

"மிஷின்ல போச்சுன்னு எழுதுனா இன்னா ஆவும் தெரியுமா உனக்கு? இன்ஸ்பெக்டர் வருவான். கை உள்ள போனா மிஷின நிறுத்தற சென்சாரு ஒண்ணு கீது, அது ஏன் அன்னிக்கு ஓடலன்னு கேப்பான். லைன மூடுவான். முன்னூறு பேரு ஊட்டுக்குப் போணும். உங்கண்ணி உட்பட."

"அதுக்கு எங்கிட்ட பொய் சொல்லுவியா?"

"நியூஸ்ல வந்தா அவளுக்கு நாலு பேரு உதவி பண்ணுவாங்கன்னுதான் சொன்னேன்."

"இதுவும் பொய்யி."

"ஏய், உன்ன மொத மொதல்ல கிரவுண்டுக்கு சைக்கிள்ல வெச்சு இட்டுனு போனவன் நானு. மறந்துடாத."

"மறக்காததாலதான் மோசம் போனேன். வேற எவனாவது சொல்லியிருந்தா நாலு பேர விசாரிச்சிருப்பேன். சொன்னது நீ. அதான் அப்படியே படிச்சேன்."

சாலமோன் போனைக் கையில் வைத்துக்கொண்டு மகனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம்.

"இன்னிக்கு சாயங்காலம் ஃபைனல்ஸ். நான்தான் லைவ்," என்று பிரின்சி பையை எடுத்தாள். "போன வாரம் சொன்னது தப்புன்னு என் வாயாலயே சொல்லப்போறேன்."

"சொல்லு பாக்கலாம்," என்றான் எட்வர்ட். "உங்க சேனலுக்கு விளம்பரம் குடுக்கறது எந்த கம்பெனின்னு மொதல்ல விசாரி."

ஷைனி சட்னிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். "எனக்கு டைம் ஆவுது," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு யூனிஃபார்ம் மாட்டப் போனாள். அவள் அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். அண்ணி ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று பிரின்சிக்கு எரிச்சலாக வந்தது.

விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவள் ஏறிய ரயில் எளாவூரைத் தாண்டுவதற்குள் விளையாட்டுப் பிரிவு ஆசிரியர் வீரராகவனே போனில் வந்துவிட்டார். பெட்டி முழுக்க சிப்காட் சட்டைகள், டிபன் பைகள். பிரின்சி கதவோரம் ஒதுங்கி நின்று பேசினாள்.

"நேத்து நைட்டு நீ அனுப்பின மெயிலைப் படிச்சேன். திருத்தம் போடணுமாமே?"

"ஆமா சார். நான் சொன்னது தப்பு. பொண்ணே சொல்றா. டீம்ல அத்தனை பேரும் சொல்றாங்க. ஆஸ்பத்திரி சீட்டுலயும் மிஷின்ல அடிபட்டதுன்னுதான் எழுதியிருக்கு, போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்."

"பிரின்சி, அது நாற்பது விநாடி. பத்து நாள் ஆச்சு. எவனுக்கு ஞாபகம் இருக்கு?"

"கம்பெனிக்கு ஞாபகம் இருக்கு சார். போன்ல ஏத்தி வெச்சுக்கிட்டு அந்தப் பொண்ணோட அப்பாவை மிரட்டுறாங்க."

"அவங்க நமக்கு விளம்பரம் குடுக்கற கம்பெனி. அதுவும் இது தொழிலாளர் பிரச்சினை. நாம விளையாட்டு. நியூஸ் டெஸ்க் பார்த்துப்பாங்க."

"நியூஸ் டெஸ்க்குல கேட்டேன் சார். அது உங்க விளையாட்டு ஸ்டோரிதானேன்னு சொல்றாங்க."

வீரராகவன் குரலைத் தணித்துக்கொண்டார். அவர் குரலைத் தணித்தால் கத்துவதைவிட மோசம் என்று ஆபீசில் எல்லாருக்கும் தெரியும்.

"ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு நம்ம சேனல்லேர்ந்து ஒரு ரிப்போர்ட்டர்தான் போகலாம். திங்கட்கிழமை பேர் குடுக்கணும். உன் பேரை எழுதி மேஜை மேல வெச்சிருக்கேன். ஒன்பது வருஷமா இதுக்குத்தானே அலையுறே? இன்னிக்கு மேட்ச்சை மட்டும் பேசு. ஹாஃப் டைம்ல கோச்சோட ரெண்டு கேள்வி. ஸ்டூடியோவுக்குக் குடு. முடிஞ்சுது."

"கோச் என் அண்ணன் சார்."

"ரொம்ப நல்லது. குடும்பக் கதை. ஜனங்களுக்குப் பிடிக்கும்."

போனை வைத்த பிறகும் பிரின்சிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நல்ல வார்த்தை மாதிரி சொல்லிக் கழுத்தைப் பிடிக்கிறார்களே. வெளிநாட்டு மைதானத்தில், நம்ம பெண்கள் ஆடுகிற கபடிக்கு முன்னால் மைக்கோடு நிற்க வேண்டும் என்று எத்தனை நாள் கனவு கண்டிருக்கிறாள். அந்தக் கனவை எடுத்து இப்படிப் பேரம் பேசிவிட்டார் மனுஷன். கும்மிடிப்பூண்டியில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கியபோது அவளுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு சிப்காட்டை ஒட்டிய திடலில் ஷாமியானா, பேனர், பெட்டி பெட்டியாகக் கூல்டிரிங்க்ஸ். கைதட்டுவதற்காகக் கம்பெனி மூன்று மணிக்கே வேலையை நிறுத்தி முன்னூறு பேரையும் பஸ்ஸில் கொண்டு வந்து உட்கார வைத்திருந்தது. பெண்கள் வரிசையில் ஷைனியும் இருந்தாள்.

பேனரில் முதல் படம் பூமிகா. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பத்து விரலும் தெரிய, எதிராளியை மறிக்கிற படம். 'காயத்திலும் கலங்காத கேப்டனுக்கு இந்த வெற்றி காணிக்கை' என்று கீழே எழுதியிருந்தார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வெற்றியை எழுதிவிட்டார்கள். பிரின்சி அதைப் பார்த்து நின்றாள். இதைவிட எப்படி ஒரு பெண்ணை அவமானப்படுத்த முடியும் என்று அவளுக்குப் புரியவில்லை.

கேமராமேன் மோகன்ராஜ் முக்காலியை நட்டுக்கொண்டிருந்தான். ஏழு வருஷமாக அவளோடு வெயிலில் காய்கிறவன்.

"மூஞ்சே சரியில்லியே. இன்னா ஆச்சு?"

சொன்னாள். அவன் முழுவதும் கேட்டுவிட்டு, "லைவ்ல சொன்னா பாதியிலயே கட் பண்ணிருவாங்க," என்றான்.

"பாதி போனாலும் போவட்டும்."

"எனக்கும் ஓலை வரும்."

"தெரியும். நீ வேணா கேமராவ வெச்சுட்டு டீ குடிக்கப் போயிடு. சத்தியமா உன் மேல கோவப்பட மாட்டேன்."

"நல்லா பேசுற போ," என்று அவன் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தான்.

பூமிகா இல்லாத அணி திணறியது. இடைவேளை விசில் ஊதும்போது ஏழு பாயிண்ட் பின்னால் இருந்தார்கள். பிரின்சியின் காதில் மாட்டியிருந்த இயர்போனில் ஸ்டூடியோ எண்ண ஆரம்பித்தது. எட்வர்ட் டி-ஷர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான். கம்பெனி ஹெச்.ஆர். மேடம் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சிரியுங்கள் என்று அவனுக்கு சைகை காட்டினாள்.

மூன்று, இரண்டு, ஒன்று.

"வணக்கம். ஆட்டத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு திருத்தம்," என்றாள் பிரின்சி. குரல் அவளுக்கே ஆச்சரியமாக நிதானமாக வந்தது. "பத்து நாளைக்கு முன்னால் இந்த அணியின் கேப்டன் பூமிகா கபடிப் பயிற்சியில் காயமடைந்தார் என்று நான் சொன்னேன். அது தவறு. அவருடைய இரண்டு விரல்கள், அவர் வேலை செய்யும் தொழிற்சாலையில், மிஷினில் துண்டாயின. அவர் சொல்கிறார், ஆஸ்பத்திரிச் சீட்டு சொல்கிறது. விசாரிக்காமல் சொன்னது என் தப்பு. பூமிகாவிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

"பிரின்சி!" காதுக்குள் வீரராகவன் அலறினார். "மேட்ச்சுக்கு வா! மேட்ச்சுக்கு வா!"

அவள் காதில் இருந்ததைப் பிடுங்கித் தோளில் போட்டாள். மைக்கை அண்ணன் பக்கம் திருப்பினாள்.

"அந்தப் புதன்கிழமை உங்க டீமுக்கு ப்ராக்டீஸ் இருந்துச்சா கோச்?"

எட்வர்ட் கேமராவைப் பார்த்தான். ஹெச்.ஆர். மேடத்தைப் பார்த்தான். மேடத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிவிட்டது. வரிசையில் உட்கார்ந்திருந்த முன்னூறு பேரும் அவன் பக்கம் திரும்பினார்கள். சொல்லிவிடு அண்ணா, சொல்லிவிடு என்று பிரின்சி மனசுக்குள் கெஞ்சினாள். கோபத்துக்கு நடுவிலும் கெஞ்சினாள்.

"இருந்துச்சு," என்றான் எட்வர்ட். "எக்ஸ்ட்ரா ப்ராக்டீஸு. கிரவுண்டுலதான் அடிபட்டுச்சு. நானே கூட இருந்தேன். இவங்களுக்கு யாரோ தப்பா சொல்லியிருக்காங்க."

இவங்களுக்கு. தங்கச்சியை யாரோ போலச் சொல்லிவிட்டான்.

பிரின்சி கேமராவைப் பார்த்தாள்.

"இவர் என் கூடப் பிறந்த அண்ணன். பத்து நாளைக்கு முன்னால் எனக்கு அந்தப் பொய்யைச் சொன்னதும் இவர்தான். அண்ணன் என்பதால் நம்பினேன். இப்போதும் இவர் சொல்வது பொய். ஒரு தொழிலாளியின் விரலை இவர்கள் விளையாட்டுக் கணக்கில் எழுதப் பார்க்கிறார்கள். பூமிகாவின் அப்பா அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டாம்."

சொல்லி முடித்து மோகன்ராஜைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது.

"எது வரைக்கும் போச்சு?"

"உங்கண்ணன் பேசுனது வரைக்கும்," என்றான். "'தப்பா சொல்லியிருக்காங்க'ன்னதும் ஸ்டூடியோவுக்கு எடுத்துட்டாங்க. நீ அதுக்கப்புறம் சொன்னது எதுவும் போவல."

ஆக, ஊர் கேட்ட கடைசி வார்த்தை எட்வர்டுடையது. திருத்தம் சொன்னவள் தப்பாகத் தெரிந்துகொண்டவள் ஆகிவிட்டாள்.

ஹெச்.ஆர். மேடம் எட்வர்டின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அவன் அந்தத் தட்டலை உதற நினைத்தவன் மாதிரி கொஞ்சம் நகர்ந்தான். உதறவில்லை.

"ஊட்டுப் பக்கம் வந்துடாத," என்றான் தங்கச்சியிடம். "நைனா மூஞ்சில இனிமே முழிக்காத."

"எது நைனாவுக்கு அசிங்கம்? நான் சொன்னதா, நீ சொன்னதா?"

"வாய மூடு!" என்று அவன் கை ஓங்கினான்.

"அந்தக் கைய எறக்கு."

சொன்னது பிரின்சி இல்லை. பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து, நடு ஆடுகளத்தின் வழியாகவே நடந்து வந்த ஷைனி. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் புருஷனை நாலு பேர் முன்னால் அதட்டி யாரும் பார்த்ததில்லை. எட்வர்டின் கை தானாக இறங்கியது.

"லைவ் போச்சு அண்ணி," என்றாள் பிரின்சி. "கட் பண்ணிட்டாங்க."

"ரெக்கார்டு ஓடிக்கினுதான் கீது," என்றான் மோகன்ராஜ், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஷைனி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. ஆனால் குரல் உடையவில்லை.

"நான் பேக்கிங்ல வேலை செய்யறேன். அன்னிக்கு பூமிகா கத்துன சத்தம் கேட்டு மொதல்ல ஓடுனது நான்தான். மிஷினுக்கு அடியிலேர்ந்து ரெண்டு வெரலையும் பொறுக்கி, பாலிதீன் கவர்ல போட்டு, அவளோட வேன்ல ஏத்துனதும் நான்தான். பத்து நாளா என்னால கையில எடுத்து சோறு துண்ண முடியல."

எட்வர்ட், "ஷைனி, வேணாம்," என்றான். அந்த ஒரு நாளில் முதல் தடவையாக அவன் குரலில் அதட்டல் இல்லை.

ஷைனி பிரின்சியின் பக்கம் திரும்பினாள்.

"மேல சொல்லுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன் பிரின்சி. சென்சார ஆஃப் பண்ணி வுட்டது யாருன்னும் சொல்லணுமா?"

கேட்டது பிரின்சியை. ஆனால் அவள் கண் எட்வர்டை விட்டு அசையவில்லை.

அண்ணனின் முகத்தைப் பார்த்தாள் பிரின்சி. ஆஃப் பண்ணியது யார் என்று அதிலேயே எழுதியிருந்தது; ஆனாலும் நீட்டியிருந்த மைக்கை அவள் இறக்கவில்லை.